சொல்லாமல் விட்ட ஒரு வசனம்

தங்கச்சி,

நேற்றுப் பின்னேரம் புத்தளம் டவுனில் உன் மகளுக்குப் பள்ளிக்கூடச் சப்பாத்து வாங்கினேன். ஒரே மாதிரியான இரண்டு சோடி. ஒன்று நாலாம் இலக்கம், மற்றது மூன்றாம் இலக்கம். கடைக்காரர் புதியவர். "ரெண்டு புள்ளைகளா மிஸ்?" என்று கேட்டார். நான் பதில் தேடுவதற்குள் ஸைனப் சொல்லிவிட்டாள்: "ஒரு புள்ளதான். ரெண்டு கால்." அவர் சிரித்தார். பிறகு அவள் போட்டு நடந்து பார்த்ததைக் கவனித்தவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பெட்டிகளைக் கட்டத் தொடங்கினார்.

வீட்டுக்கு வந்து திறந்தபோது புது ரப்பரின் வாசம் அறை முழுதும் பரவியது. இடது காலுக்குப் பெரியது, வலது காலுக்குச் சின்னது. மீதியாகும் இரண்டையும் நீ ஒருநாளும் எறியவிடமாட்டாய். "உலகத்தில எங்கயாவது வலக்கால் பெரிசான புள்ள ஒண்டு இரிக்கும் ராத்தா. வந்து கேட்டா குடுக்கணும்" என்பாய். ஆலங்குடாவில் உன் அலுமாரியின் அடித்தட்டில் அப்படி ஐந்து சோடிகள் இன்னும் இருக்கின்றன.

அந்த ஒரு இலக்க வித்தியாசம் எப்படி வந்தது என்பது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். போன கிழமை வரை அப்படித்தான் இருந்தது. இப்போது இன்னும் இரண்டு பேருக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நமக்குள் ஏழு வயது வித்தியாசம். மன்னாரிலிருந்து விரட்டப்பட்டுப் புத்தளத்துக்கு வந்தபோது நான் வாப்பாவின் கையைப் பிடித்து நடந்தவள். நீ உம்மாவின் வயிற்றில் இருந்தாய். தில்லையடியில் கிடுகுக் குடிசையில் பிறந்த உனக்கு, நீ பார்த்தேயிராத அந்த வீட்டைப் பற்றிக் கேட்டு முடியாது. "அங்க இப்ப ஆரு இரிக்கிற?" என்பாய். வாப்பா போய்ப் பார்த்துவிட்டு வந்து, கூரையும் இல்லை, நிலைக்கதவும் இல்லை என்று உம்மாவிடம் சொன்னதை நான் கேட்டிருந்தேன். உனக்குச் சொன்னது வேறு. "பூட்டித்தான் இரிக்கி. திறப்பு வாப்பாட்ட." நீ நிம்மதியாகத் தூங்கிப்போனாய். கெட்ட செய்தி எதுவானாலும் முதலில் என்னிடம் வரும். உன்னால் தாங்கக்கூடியதை மட்டும் அரித்தெடுத்து உனக்குத் தருவேன். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் எனக்குச் சொல்லவில்லை. மூத்தவள் என்றால் அதுதான் வேலை என்று நானே எடுத்துக்கொண்டேன்.

பிறகு நான் சிங்களம் படித்து, பள்ளிக்கூடத்தில் இரண்டாம் மொழியாக அதைக் கற்பிக்கும் ஆசிரியையானேன். கச்சேரி அலுவலகத்துக்கோ பொலிசுக்கோ ஆஸ்பத்திரிக்கோ போகவேண்டியவர்கள் என்னைக் கூட்டிக்கொண்டு போகத் தொடங்கினார்கள். உன் மாப்பிள்ளை நவ்ஷாதின் தொழில் கடலில் என்பதால் நீ கலியாணம் முடித்து ஆலங்குடாவுக்குப் போனாய். போன பிறகும் உனக்கு வரும் படிவங்களெல்லாம் பஸ்ஸில் என்னிடம்தான் வந்தன.

ஸைனப் பிறந்து இரண்டரை மாதத்தில், பால் குடிக்கும்போது அவளுக்கு நெற்றியெல்லாம் வியர்க்க ஆரம்பித்தது. ஐந்து நிமிடம் குடிப்பாள், களைத்து விட்டுவிடுவாள். நிறை பார்க்க வந்த மிட்வைஃப் மிஸிதான் சந்தேகப்பட்டுக் கடிதம் தந்தார். புத்தளம், சிலாபம், பிறகு கொழும்பு. கொழும்பில் ஸ்கேன் செய்துவிட்டு உடனே வாட்டில் மறித்துக்கொண்டார்கள். இதயத்திலிருந்து உடம்புக்கு இரத்தம் வெளியேறும் வாசலில் இருக்கும் வால்வு ஒட்டிப்போய், ஊசித் துவாரம் போல் ஆகிவிட்டது என்றார்கள். நவ்ஷாத் அப்போது பலநாள் மீன்பிடிப் போட்டில் ஆழ்கடலில் இருந்தார். கரைக்கு வர இன்னும் மூன்று நாளாகும். பிள்ளைக்கு அவ்வளவு நேரம் இருக்கவில்லை.

டொக்டர் இளம் பெண். அவசரப்படவில்லை. கதிரையை இழுத்துப்போட்டு நமக்கு முன்னால் அமர்ந்து, ஒரு தாளில் இதயத்தைக் கீறிக் காட்டிச் சிங்களத்தில் விளங்கப்படுத்தினார். தொடை மடிப்பில் இருக்கும் இரத்தக் குழாய்க்குள் மெல்லிய குழாய் ஒன்றை விட்டு இதயம் வரை கொண்டுபோவோம். அதன் நுனியில் இருக்கும் பலூனை ஊதி வால்வைத் திறப்போம். நெஞ்சை வெட்டத் தேவையில்லை. துடிப்புத் தடுமாறலாம். இரத்தம் போகலாம். உயிருக்கு ஆபத்துக் குறைவு, ஆனால் இல்லையென்று சொல்லமாட்டேன். செய்யாவிட்டால் பிள்ளை தங்காது.

ஒவ்வொன்றையும் நான் தமிழில் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் நீ தலையாட்டினாய். மடியில் கிடந்த ஸைனபை இன்னும் இறுக்கிக்கொண்டாய். முந்திய நாள் இரண்டு தடவை "வேணாம் ராத்தா, வீட்ட போவம்" என்று எழும்பியவள் நீ. இரண்டு தடவையும் நான்தான் இருத்தி வைத்தேன்.

டொக்டர் கடைசியாக இன்னொன்று சொன்னார். "இவ்வளவு சின்னப் பிள்ளைகளின் இரத்தக் குழாய், நாங்கள் விடும் குழாயைவிடக் கொஞ்சம்தான் பெரிது. அதனால் குழாயை எடுத்த பிறகு அந்த இடத்தில் இரத்தம் கட்டிப்படலாம். கட்டிப்பட்டால் காலுக்கு இரத்தம் போகாது. நாங்களும் பார்ப்போம். ஆனால் எந்நேரமும் பக்கத்தில் இருப்பது தாய். இரண்டு பாதங்களையும் அடிக்கடி தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று மற்றதைவிடக் குளிர்ந்தாலோ வெளிறினாலோ, ஒரு நிமிடமும் பொறுக்காமல் எங்களைக் கூப்பிடவேண்டும்."

நீ என் முகத்தைப் பார்த்தாய். "என்ன சொல்றா?"

சம்மதப் படிவம் உன் முன்னால், பேனை உன் விரல்களுக்கிடையில் இருந்தது. இன்னும் ஒரு பயத்தைத் தந்தால் அதைக் கீழே வைத்துவிடுவாய் என்று எனக்குத் தோன்றியது. பிள்ளையின் காலை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மனதுக்குள் பொறுப்பெடுத்தேன்.

"எல்லாம் கவனமாப் பாப்பாங்களாம். பயப்பட வேணாமாம்."

"அவ்வளவு நேரம் கதைச்சாவே."

"அவ்வளவுதான்."

நீ ஒப்பம் வைத்தாய். தாய்க்கு எல்லாம் விளங்கியதா என்று டொக்டர் என்னிடம் கேட்டார். விளங்கியது என்றேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு உள்ளே கொண்டுபோனார்கள். பன்னிரண்டுக்கு வெளியே வந்தாள். வால்வு நன்றாகத் திறந்துவிட்டது என்றார்கள். அதைக் கேட்டபோதுதான் நான்கு நாளில் முதல் தடவையாக நீ அழுதாய். வலது தொடை மடிப்பில் இறுக்கமான கட்டு. நான் குனிந்து இரண்டு பாதங்களையும் தொட்டேன். இரண்டும் சூடாக இருந்தன.

ஒரு மணிக்கு மணி அடித்தது. அதன் பிறகு வாட்டில் தாய்மாருக்கு மட்டும்தான் இடம். எனக்குத் தெரியாத விடயமா அது? நான்கு நாளாக அந்த மணிக்கு எழும்பி வெளியே போய், மறுபடியும் ஐந்து மணிக்கு உள்ளே வந்தவள் நான். ஆனாலும் பேனையைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில் அது என் நினைவுக்கு வரவேயில்லை. போகும்போது சொல்லிவிட வாயெடுத்தேன். நீ கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாய். "காலப் பாத்துக்கொள்" என்று மட்டும் சொன்னேன். "ஓம், கட்டு நனையாமப் பாக்கிறன்" என்றாய். அப்போதாவது நின்று சொல்லியிருக்கலாம். கதவுக் காவலாளி கூப்பிட்டார். நான் போய்விட்டேன்.

ஐந்து மணிக்கு வந்தபோது ஸைனப் தூங்கிக்கொண்டிருந்தாள். வலது காலில் கம்பளிக் காலுறை.

"ஏ.சி. குளிரு ராத்தா" என்றாய். "இந்தக் கால் ஐஸ் மாதிரி இருந்திச்சி. மூணு மணி போல சொக்ஸப் போட்டு விட்டன். கொஞ்சம் அழுதா, பொறகு தூங்கிட்டா."

"மத்தக் கால்?"

"அது சூடாத்தான் இருந்திச்சி."

காலுறையைக் கழற்றினேன். பாதம் மெழுகு போல் வெள்ளையாக இருந்தது. விரல் நுனிகளில் ஒரு சாம்பல் நிறம். எதிர்க் கட்டிலில் மூச்சுத் திணறிய ஒரு பிள்ளையைச் சுற்றி அன்று பின்னேரம் எல்லோரும் நின்றிருந்தார்கள். நம் பக்கம் வந்த நேர்ஸ் கட்டு காய்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அங்கே ஓடியிருக்கிறார். இப்போது நான் கூப்பிட்ட குரலுக்கு இரண்டு பேர் வந்தார்கள். நாடியை விரலால் தேடினார்கள். பிறகு பேனை அளவு கருவி ஒன்றை இடது பாதத்தில் வைத்தார்கள். உஸ், உஸ் என்று இரத்தம் ஓடும் சத்தம் கேட்டது. வலது பாதத்தில் வைத்தார்கள். இடத்தை மாற்றி மாற்றி வைத்தார்கள். ஒன்றுமே கேட்கவில்லை.

டொக்டர் ஓடி வந்தார். காலைப் பார்த்தார், கட்டைத் தளர்த்தினார், மருந்துக்கு ஆளனுப்பினார். எல்லாம் செய்துகொண்டே உன் பக்கம் திரும்பிச் சிங்களத்தில் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, களைத்துப்போய்க் கேட்டார். கேட்டுவிட்டு, மொழிபெயர்க்கச் சொல்லி என்னைப் பார்த்தார்.

தங்கச்சி, அந்தக் கேள்வியைத் தமிழில் உனக்குச் சொன்ன என் குரல் இன்னும் எனக்குக் கேட்கிறது.

"கால் குளிர்ந்தா உடனே கூப்பிடணும் எண்டு நேத்துச் சொன்னாங்களாம். ஏன் கூப்பிடல்ல எண்டு கேக்கிறாங்க."

நீ டொக்டரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாய். எவ்வளவு நேரம் என்று தெரியாது. உன் முகத்தில் முதலில் ஒன்றும் இருக்கவில்லை. பிறகு எல்லாம் விளங்கிப்போனது தெரிந்தது. நீ சொல்லிவிடுவாய் என்று காத்திருந்தேன். சொல்லவேண்டும் என்றுகூட நினைத்தேன். நீயோ என்னைத் தாண்டி, சந்தையிலும் டீவியிலும் பொறுக்கிய உன் உடைந்த சிங்களத்தில் நேரடியாக டொக்டரிடம் சொன்னாய்.

"மட்ட தேருனே நே, டொக்டர்."

எனக்கு விளங்கவில்லை என்று.

அவர் தலையை அசைத்துவிட்டு மறுபடியும் காலின் பக்கம் திரும்பினார். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து நரம்பு வழியாக ஏறத் தொடங்கியது. வேறெங்கேயாவது இரத்தம் கசிந்துவிடாமல் பார்க்கவேண்டும் என்பதால் நேர்ஸ்மார் அவளை விட்டு நகரவேயில்லை. மறுநாள் காலை குதிக்காலில் இளஞ்சிவப்பு தெரிந்தது. அதற்கு அடுத்த நாள் விரல்களுக்கு வந்தது. கால் தப்பியது. நாடி மட்டும் பழையபடி திரும்பவில்லை. அந்த இரண்டு மணித்தியாலம் வீணாகாமல் இருந்திருந்தால் முழுதாகக் கரைந்திருக்குமா என்று நான் டொக்டரிடம் தனியாகக் கேட்டேன். "இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்" என்றார். இத்தனை வருடமாக அந்தப் பதிலின் இரண்டு பாதிகளையும் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

நவ்ஷாத் கடலிலிருந்து நேராக வந்தார். கால் எப்படி இப்படியானது என்று கேட்டார். எனக்கு விளங்கவில்லை என்று நீ அவரிடமும் அதையே சொன்னாய். மூன்று நாள் தூங்காத மனிதர், வாட்டு வாசலில் வைத்து எல்லோருக்கும் கேட்க ஏசினார். "டொக்டர் சொல்றத விளங்கிக்கொள்ள ஏலாட்டி நீ எதுக்கு உம்மா எண்டு இரிக்கிற?" நான் பக்கத்தில் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தேன். தோலை முழுதாக உரித்து முடிக்கும் வரை தலையை நிமிர்த்தவில்லை. நீ தலையில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனாய்.

வீட்டுக்கு வந்த பிறகும் இரத்தம் உறையாமலிருக்க ஆறு கிழமைக்கு ஊசி போடவேண்டும் என்றார்கள். காலையும் மாலையும், பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு ஒன்று. ஊசியைக் கண்டாலே கண்ணை மூடுகிறவள் நீ. மிட்வைஃப் மிஸி வந்து போடுகிறேன் என்றபோதும் நீ ஒத்துக்கொள்ளவில்லை. காட்டித் தாருங்கள், நான் போடுகிறேன் என்றாய். பள்ளிக்கூட விடுமுறை என்பதால் நான் ஆலங்குடாவில் உன்னோடு தங்கினேன். நான் ஸைனபைப் பிடித்துக்கொள்வேன். நீ தொடைச் சதையை இரண்டு விரலால் கிள்ளி எடுத்து, உதட்டைக் கடித்து, பிஸ்மி சொல்லி ஏற்றுவாய். ஒருநாளும் தவறவில்லை. ஒருநாளும் என்னைக் குற்றம் சொல்லவுமில்லை. அதுதான் எனக்குத் தாங்கமுடியாமல் இருந்தது.

மூன்றாம் கிழமை ஒரு காலை. காற்றுக் காலம், வெளிநாட்டுக்காரரின் நிறநிறப் பட்டங்கள் கடலுக்கு மேலே ஏறியிருந்தன. ஊசி போட்டு முடித்து, பஞ்சை அழுத்திப் பிடித்தபடி நீ பேசினாய்.

"டொக்டர் அதச் சொன்னதானே ராத்தா."

"ஓம்."

"நீங்க சொல்லல்ல."

"சொல்லல்ல."

நீ பஞ்சை எடுத்துப் பார்த்தாய். இரத்தம் நின்றிருந்தது. "சொல்லியிருந்தா நான் சைன் வெச்சிருக்கமாட்டன். அது எனக்குத் தெரியும். அப்ப இவ இண்டைக்கி இல்ல."

எனக்கு மூச்சு வந்தது. நீ அதைக் கண்டுகொண்டாய்.

"அதுக்காக நீங்க செஞ்சது சரி எண்டு நான் சொல்லல்ல. இவ என்ட புள்ள. பயப்படுறதும் என்ட வேலதான். அத நீங்க எடுத்திட்டீங்க."

நான் ஸைனபைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டேன். ஏன் அன்று டொக்டரிடம் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்று கேட்டேன்.

"ஊரில எல்லாரும் உங்களத்தானே கூட்டிட்டுப் போற. நீங்க ஒண்ட விட்டுட்டீங்க எண்டு தெரிஞ்சா, பொறகு அதுகள் ஆர நம்புற?"

"நவ்ஷாதுக்குச் சொல்றன்."

"வேணாம். இப்ப வேணாம்."

அந்த "இப்ப வேணாம்" பத்து வருடம் நீண்டது. நீட்டியவள் நான். நீ சொல்லாமலிருந்தது எனக்காக. நான் சொல்லாமலிருந்ததும் எனக்காகத்தான்.

அதற்குப் பிறகு யாருக்காகப் போனாலும் கேட்டதை முழுதாகச் சொன்னேன். அதனால் சிலருக்கு என்னைப் பிடிக்காமலும் போனது. "நீங்க கொஞ்சம் மெதுவாச் சொல்லியிருக்கலாம் மிஸ்" என்பார்கள். மெதுவாகத்தான் சொல்வேன். ஆனால் குறைக்கமாட்டேன்.

உன் முறை வந்தபோதும் அப்படித்தான். மார்பில் வந்த கட்டி ஈரலுக்குப் போய்விட்டது என்று அந்தப் பெரிய டொக்டர் என்னைப் பார்த்துச் சிங்களத்தில், தணிந்த குரலில் சொன்னார். நோயாளியிடம் இப்போதே எல்லாவற்றையும் சொல்லவேண்டியதில்லை என்றும் சொன்னார். நீ மேசைக்குக் கீழே என் மணிக்கட்டைப் பிடித்தாய். "முழுசாச் சொல்லுங்க ராத்தா." சொன்னேன், சொல்லவேண்டாம் என்று அவர் சொன்னதையும் சேர்த்து. நீ கேட்டுவிட்டு, நோன்புப் பெருநாளைக்கு இருப்பேனா என்று கேட்கச் சொன்னாய். இருப்பீர்கள் என்றார். இருந்தாய். ஸைனபுக்கு நீயே மருதோன்றி போட்டுவிட்டாய். ஹஜ் மாதம் பிறக்கும்போது நீ இல்லை.

இப்போது ஸைனப் என் வீட்டில் இருந்து படிக்கிறாள். சனி, ஞாயிறு வாப்பாவோடு. போன திங்கள் அவளை நவ்ஷாதும் நானும் கொழும்பு கிளினிக்குக்குக் கொண்டுபோனோம். வால்வு மறுபடியும் ஒடுங்கிக்கொண்டு வருகிறதாம். திரும்பவும் பலூன் வைக்கவேண்டும். இந்த டொக்டர் ஓர் ஆண். நிதானமாகச் சொன்னார். அவள் வளர்ந்த பிள்ளை, குழாய்கள் பெரிதாகிவிட்டன, இரத்தம் கட்டிப்படும் ஆபத்து முன்னைவிடக் குறைவு. ஆனால் வலது தொடையின் பெரிய குழாய் அடைபட்டே போயிருக்கிறது. பக்கத்துச் சின்னக் குழாய்கள் வளர்ந்துதான் இத்தனை காலமும் அந்தக் காலுக்கு இரத்தம் கொடுத்திருக்கின்றன. அதனால்தான் கால் கொஞ்சம் கட்டை, பாதம் கொஞ்சம் சின்னது. இந்த முறை இடது பக்கம்தான் வழி.

திரும்பும்போது மதுரங்குளியில் தேத்தண்ணி குடிக்க வேனை நிறுத்தினோம். ஸைனப் உள்ளே தூங்கிவிட்டாள். நவ்ஷாத் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார், "அவ மட்டும் அண்டைக்கி கேட்டு விளங்கியிருந்தா, இப்ப ரெண்டு வழி இருந்திருக்கும்." ஏசவில்லை. பெருமூச்சோடு, உன்மேல் இரக்கப்பட்டுத்தான் சொன்னார். என்னால் அதற்கு மேல் முடியவில்லை.

"நவ்ஷாத், அவக்கு விளங்காம இல்ல. அவக்கு நான் சொல்லவே இல்ல."

எல்லாவற்றையும் சொன்னேன். பேனை, காலுறை, நீ சிங்களத்தில் சொன்னது, நான் தோடம்பழம் உரித்தது. அவர் தேத்தண்ணியைக் குடிக்காமல் மேசையில் வைத்தார். உன்னைவிடப் பேச்சுக் குறைந்த மனிதர். அன்று இன்னும் குறைந்துபோனார்.

"அவ எனக்கிட்ட ஒருநாளும் சொல்லல்லயே" என்றார்.

"என்னக் காப்பாத்தத்தான்."

"பத்து வருஷம் ராத்தா. புள்ள சாஞ்சு நடக்கிறதப் பாக்கிற நேரமெல்லாம் அவவத்தான் நினச்சன். வாயால சொல்லாட்டியும் நினச்சன். அவக்கும் அது தெரிஞ்சிருக்கும்." பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார், "அவக்கு ஏசினது பிழ எண்டு இனி எங்க போய்ச் சொல்ற?"

ஆறிய தேத்தண்ணிக்கு நான் காசு கொடுத்தேன். தில்லையடியில் எங்களை இறக்கிவிட்டு அவர் போனார். இரண்டு நாள் என் அழைப்புக்குப் பதிலில்லை. இனி இந்த வீட்டு வாசலுக்கு வரமாட்டார் என்று நினைத்தேன். அப்படி வராவிட்டாலும் அது நியாயம்தான்.

வியாழக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு வந்தார். கதிரையில் இருந்துகொண்டு ஸைனபைப் பக்கத்தில் கூப்பிட்டார். "ஒப்பரேசனப் பத்தி இவக்கும் சொல்லுங்க. பழசையும் சொல்லுங்க" என்றார்.

சொன்னேன். குழாய், பலூன், இடது கால், இரத்தம் கட்டிப்பட்டால் என்ன நடக்கும், எப்படித் தெரியும். பிறகு பழையது. "டொக்டர் சொன்ன ஒண்ட பெரியும்மா உம்மாக்குச் சொல்லாம விட்டுட்டன்" என்றேன்.

"ஏன்?"

"உம்மா பயப்படுவா எண்டு."

அவள் கொஞ்சம் யோசித்தாள். உன் நெற்றிச் சுருக்கம் அப்படியே அவளுக்கு வந்திருக்கிறது.

"பயந்தா என்ன?"

பத்து வயதுப் பிள்ளை கேட்கிறாள். பதிலுக்கும் காத்திருக்கவில்லை. தன் இரண்டு பாதங்களையும் கையால் பிடித்துப் பார்த்தாள். "முழிச்ச உடன நானே பாக்கிறன். நான் தூங்கினா நீங்க பாருங்க. ஒண்ட மட்டும் புடிச்சா தெரியாது, ரெண்டயும் புடிக்கணும்" என்றாள். வாட்டில் தங்குவதற்குத் தாயின் இடத்தில் என் பெயரை எழுதியிருக்கிறார்கள். அதையும் சொன்னேன். சரி என்றாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு நவ்ஷாத், நீ அடங்கியிருக்கும் ஆலங்குடா மையவாடிக்குப் போனார். என்னையும் வரச் சொல்லியிருந்தார். உள்ளே போக நம் பெண்களுக்கு வழக்கமில்லை. நான் வெளிச்சுவர் ஓரத்தில் குடையோடு நின்றேன். காற்று மணலை வாரி அடித்தது. சுவருக்கு மேலே அவருடைய தொப்பி மட்டும் தெரிந்தது. அது நீண்ட நேரம் அசையவில்லை. பிறகு கீழே போனது. குந்தியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். வெளியே வந்தபோது சாரனில் முழங்கால் வரை மணல்.

"சொல்லிட்டன்" என்றார்.

வேனில் ஏறும்போது, "செவ்வாக்கிழம டொக்டர் சொல்றத நீங்கதான் எங்களுக்குச் சொல்லணும். என்ட சிங்களம் மீன் விக்கத்தான் காணும்" என்றார். கதவைச் சாத்தப் போனவர் மறுபடியும் திறந்து, "முழுசா" என்றார்.

அவர் என்னை மன்னித்துவிட்டாரா என்று தெரியவில்லை. நான் கேட்கவுமில்லை. உன்னிடமும் ஒருநாளும் கேட்கவில்லை, தங்கச்சி. கேட்டால் நீ உடனே சரியென்று சொல்லிவிடுவாய் என்று தெரியும். அந்தச் சரிக்கு நான் தகுதியாகவில்லை என்று நினைத்துத் தள்ளிப்போட்டேன். தள்ளிப்போட்டு உன்னைத் தவறவிட்டேன். நவ்ஷாத் உள்ளே வந்து சொன்னதை நான் வெளியே நின்று எழுதுகிறேன். என்னை மாப் பண்ணு.

பதில் வராது என்று தெரியும். அது இல்லாமலே செவ்வாய் காலை உன் மகளோடு கொழும்புக்குப் போகிறேன். நெஞ்சில் பாரம் இருக்கிறது. அதை இறக்கி வைக்க இப்போது மனமில்லை. யாராவது ஒரு தாய் என் முகத்தைப் பார்த்து "என்ன சொல்றா?" என்று கேட்கும்போதெல்லாம், அந்தப் பாரம்தான் என்னை முழுதாகச் சொல்ல வைக்கிறது.